செம்பாக்கம் ஏரிமுனையும் ஒரு பச்சைக் கட்டமும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வாழ்த்துகள். உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கும்படி நிர்வாகம் என்னைக் கேட்டிருக்கிறது. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் வாயைத் திறந்தாலே மணி பார்த்தவர்கள், ஓய்வு பெற்றதும் என் அனுபவம் பொக்கிஷம் என்கிறார்கள். பொக்கிஷத்துக்கு ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். கடிகாரம் ஓடவில்லை. பேட்டரி நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

முதலில் ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்கள் அடையாள அட்டையில் நெட்வொர்க் ஆப்டிமைசேஷன் இன்ஜினீயர் என்று போட்டிருக்கும். உங்கள் சொந்தக்காரர்கள் அதை 'செல்போன் கம்பெனியில ஏதோ டவர் வேலை' என்று படிப்பார்கள். இனி எந்தக் கல்யாணப் பந்தியிலும் நீங்கள் நிம்மதியாக அப்பளம் உடைக்க முடியாது. 'எங்க வீட்டுப் பின்ரூம்ல சிக்னலே வரலப்பா' என்று யாராவது இலைக்கு எதிரே வந்து நிற்பார். நீங்கள் நாலு வருடம் கண்விழித்துப் படித்தது அந்தப் பின்ரூமுக்காகத்தான் என்பது அவருடைய எண்ணம். மறுத்துப் பேசாதீர்கள். அடுத்து பாயசம் வரும், அதை விட்டுவிடக் கூடாது.

உண்மையில் நமக்குச் சம்பளம் கொடுப்பது நிற்கிற ஆளுக்காக அல்ல, நகர்கிற ஆளுக்காக. குரோம்பேட்டையில் போன் எடுத்தவர் பேசிக்கொண்டே தாம்பரம் வந்து இறங்குகிறார். இடையில் அவருடைய பேச்சை எத்தனையோ டவர்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கும். அவருக்கு அது தெரியாது, தெரியவும் கூடாது. கைக்குழந்தையை ஒருவர் இடுப்பிலிருந்து இன்னொருவர் இடுப்புக்கு மாற்றுகிறோமே, அதுதான் ஹேண்டோவர். வாங்குகிறவர் கையை நீட்டித் தயாராக நிற்கிறார் என்று தெரிந்த பிறகுதான் கொடுக்கிறவர் விடவேண்டும். இவ்வளவுதான் நம் தொழில். மீதி நூற்றுக்கணக்கான பக்கங்களை உங்கள் பயிற்சி வகுப்பில் காட்டுவார்கள், ஏசி நன்றாக இருக்கும், தூங்கிவிடாதீர்கள்.

நான் சொல்லப்போவது அந்த வகுப்பில் சொல்லாத விஷயம். குழந்தையைக் கீழே போட்டுவிட்டு, போடவே இல்லை என்று கணக்குக் காட்டியதற்கு எங்கள் அலுவலகம் பரிசு வாங்கிய கதை.

அப்போது எங்களுக்கு ஒரு வட்டாரத் தலைவர் இருந்தார். பெயர் வேண்டாம், இப்போது இன்னும் பெரிய நாற்காலியில் இருக்கிறார். அவருக்கு உலகத்தில் இரண்டே நிறங்கள்தான் தெரியும், பச்சை, சிவப்பு. வாராவாரம் வரும் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு டவருக்கும் ஒரு கட்டம். நன்றாக வேலை செய்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் அவர் முகமும் சிவந்துவிடும். அதனால் நாங்கள் அவருக்குப் பச்சை சார் என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும், பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அஸ்தினாபுரம் பக்கம் ஏரியைப் பார்த்தபடி எங்கள் டவர் ஒன்று இருந்தது. தண்ணீருக்கு மேல் மறைப்பு ஏதும் இல்லாததால் அதன் சிக்னல் ஏரியைத் தாண்டி வெகுதூரம் போகும். ஏரிக்கரைச் சாலையில் நடப்பவர்களின் போனெல்லாம் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சாலை செம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டித் திரும்பி மெயின் ரோட்டில் சேர்கிறது. திரும்பிய உடனே கட்டடம் மறைத்து ஏரி டவர் செத்துவிடும். அங்கே செம்பாக்கம் டவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குடியிருப்பின் மொட்டை மாடியில்தான் நிற்கிறது, அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் வாங்கவில்லை. காரணம் சாதாரணமானது. டவர்களுக்கு அடையாள எண் உண்டு. எண்கள் குறைவு, டவர்கள் அதிகம், ஆகவே ஒரே எண்ணைத் தூரதூரமாக இருக்கும் இரண்டு டவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்தபடி, ஏரியைக் கணக்கில் எடுக்காமல், செம்பாக்கம் டவருக்கும் ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து டவர் ஒன்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். போன் 'இந்த எண் நன்றாகக் கேட்கிறது, என்னை அங்கே அனுப்பு' என்று ஏரி டவரிடம் சொல்லும். ஏரி டவர் தவறான ஆளிடம் அனுப்பும். ஒரே தெருவில் இரண்டு ரவி இருந்தால் கூரியர்காரர் என்ன செய்வார்? அதேதான். பத்து ஹேண்டோவரில் பாதி தோல்வி. கட்டம் ரத்தச் சிவப்பு.

சரியான வைத்தியம், ராஜகீழ்ப்பாக்கம் டவரின் எண்ணை மாற்றுவது. அதற்கு அந்த டவரைச் சில நிமிடம் நிறுத்திப் போட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், நாலு பேர் கையெழுத்து வேண்டும். பச்சை சாருக்கு அவ்வளவு பொறுமை ஏது? அவர் ரிப்போர்ட்டின் சூத்திரத்தைப் பார்த்தார். முயன்ற ஹேண்டோவரில் எத்தனை வெற்றி என்பதுதான் சூத்திரம். முயலவே இல்லையென்றால் தோல்வி எங்கிருந்து வரும்? பரீட்சைக்கே போகாத பையன் எந்தப் பாடத்திலும் ஃபெயில் ஆனதில்லை என்று அப்பாவிடம் சொல்கிற மாதிரி. 'ஏரி டவரிலிருந்து செம்பாக்கத்துக்கு அனுப்பவே வேண்டாம்' என்று உத்தரவு போட்டார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, ரசித்துப் படியுங்கள். இன்றைய டவர் மென்பொருள் அப்படியொன்றும் மண்டு இல்லை. பக்கத்து டவரைப் பட்டியலிலிருந்து எடுத்தால், போன்கள் சொல்வதைக் கேட்டு அதுவே மறுபடி சேர்த்துக்கொள்ளும். அதனால், எக்காரணத்தைக் கொண்டும் அங்கே அனுப்பாதே என்று தனியாக ஒரு பூட்டுப் போட வேண்டும். இயந்திரம் புத்தியோடு நடந்துகொள்ளப் பார்த்தது. இரண்டு இன்ஜினீயர்கள் மெனக்கெட்டு உட்கார்ந்து அதைத் தடுத்தார்கள்.

மறுவாரமே கட்டம் பளபளவென்று பச்சை. அந்த முனையில் அழைப்புகள் முன்பு பாதிதான் அறுந்தன, இப்போது அத்தனையும் அறுந்தன. அவை வேறு தலைப்பில், வேறு குழுவின் கணக்கில், தாம்பரம் முழுவதுக்குமான சராசரியில் போய்க் கரைந்துவிட்டன. எங்கள் குழுவுக்குக் கண்ணாடிக் கேடயம் கிடைத்தது. நான் அந்தச் சமயம் கூடுவாஞ்சேரிப் பக்கம் வேறு வேலையில் இருந்தேன். இனிப்புப் பெட்டி மட்டும் எனக்கும் வந்து சேர்ந்தது. மைசூர்பாகு நன்றாகவே இருந்தது.

நான் திரும்பி வந்த பிறகு ஒரு மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வரவேற்பிலிருந்து ஒரு பெண்மணியை என்னிடம் அனுப்பினார்கள். நான் தகுதியான ஆள் என்பதால் அல்ல, இருக்கையில் இருந்த ஒரே ஆள் என்பதால். பெயர் மெர்சி. வீடு அஸ்தினாபுரத்தில் ஏரிக்கரையை ஒட்டி. வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர். எத்தனையோ முறை புகார் கொடுத்துவிட்டாராம்.

"வீட்ல சிக்னல் சரியா இருக்கான்னு பார்த்தாங்களா?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"பிரமாதமா இருக்கு மேடம். அதைச் சொல்றதுக்கே மூணு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. ஆனா எங்க வீட்டுக்காரர் வீட்டுக்குள்ள ரோடு கிராஸ் பண்றதில்லையே."

அவர் கணவர் ஞானராஜ் பார்வையற்றவர். கேம்ப் ரோடு பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை. காலையில் வீட்டிலிருந்து ஏரிக்கரைச் சாலையில் நடந்து, செம்பாக்கம் முனையில் மெயின் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் தாம்பரம் போகிற பஸ் பிடிக்க வேண்டும். கையில் வெள்ளைக் கோல். சட்டைப் பையில் கேமரா வெளியே தெரியும்படி போன். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது சாலைக்கு. வீடியோ அழைப்பில் மெர்சி வீட்டிலிருந்து பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் நடப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் அவர்கள் ஏற்பாடு.

"ஏரிக்கரை பூரா நல்லா வரும் மேடம். அந்த அபார்ட்மென்ட் முனை திரும்பினதும் படம் அப்படியே நின்னுடும். கடைசியா எதுல நின்னுச்சோ அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். திரும்ப லைன் வர்ற வரைக்கும் அவருக்கு என்னாச்சுன்னே தெரியாது. ஒரு நாள் லாரியில நிக்கும். ஒரு நாள் மாட்டுல நிக்கும். போன மாசம் ஒரு பைக்ல நின்னுச்சு. அன்னிக்குத்தான் அவருக்கு மணிக்கட்டுல அடி."

எனக்கு மைசூர்பாகு தொண்டைக்கு வந்தது. அவர் தொடர்ந்தார். "திங்கட்கிழமைலேர்ந்து எங்க தம்பி பைக்ல கொண்டு விடுவான்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்க. இனிமே அவர் தனியா நடக்கக் கூடாதாம். அவர் ஒண்ணுமே சொல்லல மேடம். அவர் சும்மா இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் கம்ப்யூட்டரில் மெர்சியின் புகார்கள் எல்லாமே முடிக்கப்பட்டவை. 'வாடிக்கையாளர் இல்லத்தில் சிக்னல் திருப்தி. போனை அணைத்துப் போடச் சொல்லப்பட்டது.' சாலையின் நடுவில் நிற்கும் பார்வையற்றவரிடம் போனை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு, நாங்கள் புகாரை முடித்துவிட்டு, அதற்கும் ஒரு பச்சைக் கட்டம் வாங்கியிருந்தோம்.

மறுநாள் காலை நான் அவருடன் நடந்தேன். என் கையில் சோதனை போன், எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்று காட்டும். ஞானராஜ் நல்ல உயரம், மணிக்கட்டில் கட்டு, நடையில் என்னைவிட வேகம். கரையில் வாக்கிங் போகிறவர்கள் பாதிப்பேர் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். வழியில் நான் அச்சுப்பிச்சென்று, "யாராவது கையைப் பிடிச்சுக் கடத்தி விட மாட்டாங்களா சார்?" என்று கேட்டுவைத்தேன்.

"விடுவாங்க மேடம், நல்ல ஜனங்க. சில சமயம் நான் கடக்க வேண்டாத ரோட்டையும் கடத்தி விட்டுட்டுப் போயிடுவாங்க. அப்புறம் திரும்பி வர வேற நல்லவரைத் தேடணும்."

"மச்சான் பைக்ல கொண்டு விடறாராமே?"

"தங்கமான பையன். ஆனா அவன் எழுந்திருக்கறப்ப நான் கிளம்பணும், அவன் வர்றப்ப நான் வரணும். ஒரு நாள் அவனுக்கு ஜுரம்னா எனக்கு லீவு. நான் பேங்க்ல வேலைக்குச் சேர்ந்ததே யாரும் என்னைத் தூக்கிக்கிட்டுப் போக வேண்டாம்னுதான்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை, கோபம் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

முனை வந்தது. என் போனில் ஏரி டவரின் சிக்னல் மாடிப்படியில் இறங்குவதுபோல் இறங்கியது. தலைக்கு மேலே செம்பாக்கம் டவர் ஜம்மென்று நிற்கிறது, போன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஞானராஜ் சாலை ஓரத்தில் நின்று, "சொல்லு மெர்சி" என்றார். பிறகு ஒரு காலை எடுத்துச் சாலையில் வைத்தார். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் லாரி ஒன்று எங்கள் மேல் காற்றடித்துக்கொண்டு போனது.

"'வண்டி இல்ல, வாங்க'ன்னா மேடம்" என்றார். "அதுக்கு அப்புறம் ஒண்ணும் கேக்கல."

மெர்சி சொல்லிய கணத்தில் வண்டி இல்லாமல்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் கத்தியது எதுவும் வந்து சேரவில்லை. நான் அவர் தோளை இன்னும் விடவில்லை. அவர்தான் என்னைத் தேற்றி, எதிரே டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

அலுவலகம் போய்ப் பார்த்தேன், பூட்டைக் கண்டுபிடித்தேன். நேரே பச்சை சார் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பூட்டை எடுத்து, ராஜகீழ்ப்பாக்கம் எண்ணையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது, சில நிமிட வேலை என்றேன்.

"ஐயோ மேடம், இந்த வாரம் ஒண்ணும் தொடக் கூடாது. ஹெட் ஆபீஸ்லேர்ந்து வராங்க. ஃப்ரீஸ் போட்டிருக்கு. அவங்க ரிப்போர்ட் குடுத்து முடிக்கட்டும், அடுத்த மாசம் பார்ப்போம்."

"திங்கட்கிழமைக்கு அப்புறம் பிரயோஜனம் இல்ல சார். அவர் நடக்கறதையே நிறுத்திடுவாங்க."

"பைக்ல கொண்டு விடப் போறாங்கன்னீங்களே, அப்புறம் என்ன பிரச்சினை? சேஃப்தானே?"

பேச்சை மாற்ற, விருந்தினர்களுக்கான அழைப்பிதழை எடுத்துக் காட்டினார். சேலையூரில் ஒரு ஓட்டல் அரங்கில் கூட்டம். சிறப்பம்சம், ஓடும் காரிலிருந்து தடையில்லா வீடியோ அழைப்பு, நேரடிக் காட்சி. காரில் போகப்போவது நான்தான். பாதை பளபளப்பான தாளில் அச்சாகியிருந்தது. குரோம்பேட்டை, அஸ்தினாபுரம், ஏரிக்கரைச் சாலை, செம்பாக்கம், சேலையூர்.

அதை இன்னொரு முறை படித்தேன். "சார், இந்தப் பாதையை யார் தேர்ந்தெடுத்தது?"

"நான்தான். ஏரி, கொக்கு எல்லாம் ஸ்க்ரீன்ல அழகா இருக்கும். ரிப்போர்ட்லயும் அந்த ஏரியா முழுக்கப் பச்சை!"

தம்பி தங்கைகளே, பொய் சொல்கிறவர்களைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை, அவர்களுக்காவது உண்மை தெரிந்திருக்கும். தன் கையால் பூசிய பச்சையைத் தானே முளைத்ததென்று நம்பிப் போய் அதில் உட்காருகிறவரிடம் மிகவும் ஜாக்கிரதையாக இருங்கள். நம் துறையில் அவர்கள்தான் சீக்கிரம் மேலே போவார்கள்.

"சார், நீங்க பூட்டுப் போட்ட இடம் அது. செம்பாக்கம் முனையில உங்க காட்சி அத்தனை பேர் முன்னாடியும் செத்துடும்" என்றேன்.

அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளானது. நல்லவேளை, இப்போதாவது பூட்டை எடுக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, வெற்றிப் புன்னகையோடு சொன்னார். "அப்ப ஏரிப் பக்கமே போகாதீங்க. ஜி.எஸ்.டி. ரோடு, தாம்பரம், கேம்ப் ரோடுன்னு நேரா வந்துடுங்க."

காட்சி நாள் காலை காரில் ஏறினேன். ஓட்டுநர் ஏழுமலை, எங்கள் சோதனைக் காரைப் பல வருடமாக ஓட்டுகிறவர். முன்கண்ணாடியை ஒட்டிப் போனைப் பொருத்தினேன். அரங்கத்துத் திரையில் சாலை தெரிகிறது, ஹெட் ஆபீஸ் அம்மாள் ஒருவர் தலைமையில் விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பச்சை சார் வர்ணனை செய்துகொண்டிருக்கிறார். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோடு வந்ததும் போனின் மைக்கை நிறுத்திவிட்டு, அஸ்தினாபுரத்துக்குத் திருப்பச் சொன்னேன்.

"இன்னா மேடம், சார் நேரா வரச்சொன்னாரே?"

"அழைப்பிதழ்ல என்ன பாதை போட்டிருக்கு?"

"ஏரி."

"நாம அழைப்பிதழ்படி போறோம்."

ஏழுமலை என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "பேஜாராயிடப் போவுது மேடம். எனக்கு இன்னா, நீங்க சொன்னா நான் ஓட்டினு போறேன். நாளைக்கு யார்னா கேட்டா உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

"தாராளமா சொல்லுங்க."

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நான் செய்ததைப் பார்த்து நீங்களும் செய்யக் கிளம்பாதீர்கள். எனக்கு ஓய்வு பெறக் கொஞ்ச காலம்தான் மிச்சம், வீட்டுக் கடனை முடித்தாயிற்று, பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று. உங்களுக்கு இவை எதுவும் ஆகவில்லை. நீங்கள் இதைவிட நல்ல வழியாகக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையில் காட்சி பிரமாதம். விருந்தினர்கள் கையில் இருந்த அழைப்பிதழிலும் ஏரிதான் என்பதால், திரையில் பார்த்துக்கொண்டிருந்த பச்சை சாரால் தடுக்க முடியவில்லை. கொக்குகள்கூடச் சொல்லிவைத்த மாதிரி நின்றன. முனைக்குச் சற்று முன்னால் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மைக்கைப் போட்டு, போனை நெஞ்சோடு சேர்த்து, கேமரா எதிரே பார்க்கும்படி பிடித்துக்கொண்டேன். ஏழுமலை வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், அது கேமராவில் தெரியாது.

"இப்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "இந்தச் சாலையைக் கடக்க வேண்டும். எப்போது கடக்கலாம் என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

விருந்தினர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. திருவிழா விளையாட்டு மாதிரி ஆளுக்கு ஆள் குரல் கொடுத்தார்கள். நேரே வாங்க, திரும்புங்க, பள்ளம், பள்ளம்! முனை திரும்பினேன். சாலையின் ஓரத்துக்கு வந்தேன். ஹெட் ஆபீஸ் அம்மாள் மற்றவர்களை அடக்கிவிட்டு, அவரே சொல்லத் தொடங்கினார். நில்லுங்கள். பஸ் வருகிறது. நில்லுங்கள், நான் சொல்லும்போது...

அவ்வளவுதான். காதில் மயான அமைதி. கண்ணைத் திறந்தேன். ஏழுமலை என்னை இரண்டு அடி பின்னால் இழுத்துவிட்டிருந்தார்.

அரங்கத்தில் நடந்ததை மறுநாள் நண்பர்கள் சொன்னார்கள். திரை முழுக்க பஸ்ஸின் முகப்பு, அப்படியே உறைந்து நின்றதாம். சத்தம் இல்லை. அந்த அம்மாள் எழுந்து நின்று ஹலோ ஹலோ என்று கத்தியிருக்கிறார். ஒருவர் போனை எடுத்து யாருக்குச் செய்வது என்று தெரியாமல் திரும்ப வைத்திருக்கிறார். பச்சை சார் மட்டும், "பஃபரிங், ஜஸ்ட் பஃபரிங்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இருபது பேர் ஒரு பஸ்ஸின் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெர்சி அதைத் தினமும் தனியாக உட்கார்ந்து பார்த்தவர்.

திரும்ப இணைப்பு வந்ததும் அந்த அம்மாளின் முகம்தான் முதலில் தெரிந்தது, வெளிறிப்போயிருந்தது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார்.

"எனக்கு ஒன்றுமில்லை, நான் கண்ணைத் திறந்துகொண்டேன்" என்றேன். "இங்கே தினமும் நடக்கிறவருக்கு அந்த வசதி இல்லை. போன மாதம் அவருக்கு மணிக்கட்டில் அடிபட்டது. காரணத்தை எங்கள் வட்டாரத் தலைவர் விளக்குவார்."

விளக்கினார். முதலில் மரம் என்றார். பிறகு மழை என்றார், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கடைசியில் சூத்திரத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, ஃப்ரீஸ் எல்லாம் அப்புறம், இப்போதே சரி செய்யுங்கள் என்றாராம். ராஜகீழ்ப்பாக்கம் டவரின் சிக்னலில்தான் அந்த ஓட்டலே இருந்தது. டவரை நிறுத்தியதும் அரங்கில் இருந்த அத்தனை பேர் போனிலும் சிக்னல் போயிற்று. அந்தச் சில நிமிடங்கள் வேறு வழியில்லாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எண் மாறியது, பூட்டு போயிற்று.

எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். உத்தரவிட்ட பாதையை மீறியது ஏன் என்று மெமோ வந்தது. அழைப்பிதழை இணைத்துப் பதில் அனுப்பினேன். கண்ணாடிக் கேடயத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, வரவேற்பறையில் இன்னும் இருக்கிறது, போகிறபோது பாருங்கள். பச்சை சாருக்கு, சிக்கலான சூழ்நிலையை உடனடியாகத் தீர்த்ததற்காகப் பதவி உயர்வு கிடைத்தது.

இதெல்லாம் பிற்பாடு நடந்தவை. அந்தத் திங்கட்கிழமை காலை யாரிடமும் சொல்லாமல் செம்பாக்கம் முனைக்குப் போய் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்றேன். வெள்ளிக்கிழமையே நான் மெர்சியிடம் விவரம் சொல்லியிருந்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருவரும் மச்சானைப் பின்னால் நடக்கவிட்டுச் சோதித்துப் பார்த்தார்களாம். ஆனாலும் வீட்டில் பெரியவர்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பைக் வருமா, கோல் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோல்தான் வந்தது. ஞானராஜ் முனை திரும்பினார், அதே வேகம். காதில் இயர்போன். இங்கே நிற்கிற எனக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு வந்தார்.

"தயிர்தானே, சாயங்காலம் வாங்கிட்டு வரேன்னு நேத்தே சொன்னேனே. ம். ம். நின்னுட்டேன். மறந்தது போன வாரம், அதுக்கு இன்னிக்கா திட்டுவ? முன்னெல்லாம் இந்த முனைக்கு வந்தா உன் திட்டாவது நிக்கும். இப்ப அதுவும் போச்சு." சிரித்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். "சரி. வரேன்."

கடந்தார். கடக்கும்போதும் தயிர்ப் பேச்சு நிற்கவில்லை. எந்த இடத்தில் ஏரி டவர் விட்டது, எந்த இடத்தில் செம்பாக்கம் டவர் பிடித்தது என்று அந்த இருவருக்கும் தெரியாது. எனக்குக் கண் கலங்கியதை டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, புகைதான் காரணமென்று அடுப்பை நகர்த்திவைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பச்சை சார். வாராந்திர ரிப்போர்ட் வந்துவிட்டதாம். பூட்டு இல்லாததால் இப்போது அந்த முனையில் ஹேண்டோவர்கள் நிஜமாகவே நடந்தன. நிஜமாக நடந்தால் நூற்றில் ஒன்றிரண்டு தோற்கத்தானே செய்யும்?

"மேடம், செம்பாக்கம் மஞ்சளாயிடுச்சு. இத்தனை நாள் பச்சையா இருந்தது. மேல கேப்பாங்க. என்ன காரணம்னு சொல்றது?"

தாம்பரம் பஸ் ஒன்று வந்து நின்று புறப்பட்டது. ஜன்னல் ஓர இருக்கையில் ஞானராஜ் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"காரணம் இப்பத்தான் சார் ரோட்டைக் கடந்து பஸ் ஏறிப் போறார்" என்றேன்.